மானியம் நின்ற பிறகு அறிவியல் வழிகாட்டித் திட்டத்தை ஓட்டுவது எப்படி

மானியம் தொடராது என்று தெரிந்ததும் பெரும்பாலான குழுக்கள் புதுப் பணம் தேடி ஓடுகின்றன. அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு மாத வேலை இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பணம் வந்து சேரும்போது பிள்ளைகளின் தொலைபேசி எண்கள்கூடக் கையில் இருக்காது.

அல்சூர், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர், ஓசூர், தங்கவயல் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளில், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்களைப் பெங்களூரு ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்துவரும் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஆராய்ச்சி மாணவிகளுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் இளம் விஞ்ஞானிகளுக்கும் தலைமைப் பயிற்சி நடத்துபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2025இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்புகளான என்எஸ்எஃப்பும் என்ஐஹெச்சும் பன்முகத்தன்மை தொடர்பான மானியங்களை நூற்றுக்கணக்கில் நடுவழியிலேயே ரத்து செய்தன. அங்கே அரசியல் காரணம். இங்கே பெரும்பாலும் மூன்று வருடக் கெடு முடிந்துபோவதுதான் காரணம். செய்ய வேண்டிய வேலை என்னவோ ஒன்றுதான்.

முதல் முப்பது நாள்

மானியத்தை அனுமதித்த சேங்ஷன் கடிதத்தை எடுத்து மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: செலவுக்கு ஆர்டர் போடக் கடைசி நாள், பில் கட்டக் கடைசி நாள், யூசி (பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று) அனுப்பக் கடைசி நாள். இவை மூன்றும் ஒரே நாள் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் பணம் மீதமிருந்து காலம்தான் முடிகிறது என்றால், கூடுதல் பணம் கேட்காமல் கால நீட்டிப்பு மட்டும் கேட்டுக் கடிதம் எழுதலாம். கெடு தாண்டிப் போகும் கடிதத்தைப் பெரும்பாலும் யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கெடுவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

மத்திய அரசுப் பணம் என்றால் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள் பொருந்தும். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் யூசி போக வேண்டும். மானியம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வேண்டியது. மானியத்தில் வாங்கிய நுண்ணோக்கி, புரொஜெக்டர், மடிக்கணினி ஆகியவற்றை அனுமதியில்லாமல் விற்கவோ வேறு அமைப்புக்குக் கொடுக்கவோ கூடாது. யூசியை அனுப்பும் அதே உறையில் பொருள் பட்டியலையும் வைத்து, ‘இதே பணிக்காக இவற்றை நிறுவனமே வைத்துக்கொள்ள அனுமதிக்கவும்’ என்று ஒரு கடிதம் சேர்த்துவிடுங்கள். தனியாகப் பிறகு கேட்டால் ஆறு மாதம் அலைய வேண்டிவரும். பணம் அமெரிக்கக் கூட்டரசு மானியத்தின் துணைப்பங்காக வந்திருந்தால், முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் உங்கள் கணக்கு அங்குள்ள முதன்மை நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரத்துக் கடிதம் வருமுன் ஒப்புக்கொண்ட, இனி விலக முடியாத செலவுகள் இருந்தால் தனியே எழுதிக் கேளுங்கள். கேட்காத பணத்தை யாரும் தாமாக அனுப்ப மாட்டார்கள்.

அடுத்தது யாரும் யோசிக்காத விஷயம்: கூகுள் டிரைவ். மாணவர் பட்டியல், வருகைப் பதிவு, பெற்றோர் ஒப்புதல், புகைப்படம் எல்லாம் ஒருங்கிணைப்பாளரின் நிறுவன மின்னஞ்சலில்தான் இருக்கும். ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடியும். கணினிப் பிரிவு ஏப்ரலில் அந்தக் கணக்கை மூடும். மே மாதம் ஒரு பெண்ணுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று திரை சொல்லும். கோப்பை ‘ஷேர்’ செய்துவைத்தால் போதாது. உரிமை மூடப்படும் கணக்கிடமே இருக்கிறது. நிறுவனக் கணக்கின் கோப்புக்கு வெளிக் கணக்கை உரிமையாளராக்கவும் கூகுள் விடாது. ஆகவே எல்லாவற்றையும் இறக்கி, குழுவின் பொதுக் கணக்கில் ஏற்றுங்கள். படிவத்தை நகலெடுத்தால் கேள்விகள் மட்டும்தான் வரும், பதில்கள் வராது. அவற்றை ஷீட்டாகத் தனியே இறக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் குறைந்தது இருவரை அட்மினாக்குங்கள். இணையதள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தக் கார்டில் புதுப்பிக்கப்படுகிறது என்றும் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கல்வி நிறுவனத்திலிருந்து ஒரு டிரஸ்டுக்கு மாற்றுவதாக இருந்தால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலும் பெற்றோரின் புது ஒப்புதலும் வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. தமிழிலும் கன்னடத்திலும் ஒரே பக்கத்தில் எழுதி, சனிக்கிழமை வகுப்புக்கு விட வருபவர்களிடமே கையெழுத்து வாங்கிவிடலாம்.

எதை வெட்டுவது, எதை விடாமல் பிடிப்பது

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 30 மாணவர்கள், வருடத்துக்கு 20 சனிக்கிழமைகள். மானியம் இருந்தபோது வருடச் செலவு 18 லட்சம்: முழுநேர ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 5.4 லட்சம், உண்டு உறைவிட முகாம் 5 லட்சம், பேச்சாளர் மதிப்பூதியம் 2 லட்சம், பயணம் 1.8 லட்சம், ஆண்டு விழா 1.6 லட்சம், பொருட்கள் 1.2 லட்சம், வீடியோவும் இணையதளமும் 1 லட்சம்.

பணம் குறைந்ததும் கை முதலில் போவது சம்பளத்தின் மேல்தான். ‘தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒருமனதாக முடிவெடுப்பார்கள். இந்த முடிவில்தான் திட்டங்கள் சாகின்றன. விழா, முகாம், பை, டி-ஷர்ட், வீடியோ எதை வேண்டுமானாலும் நிறுத்துங்கள். ஒருங்கிணைப்பாளரை மட்டும் பகுதிநேரமாகவாவது வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகும் ஒரு போன் போதும்:

“அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு நந்தினிய அனுப்பிடுங்க.”

“நாளைக்கு வீட்ல விசேஷம் மேடம். அவ இல்லாம முடியாது.”

“விசேஷம் எத்தனை மணிக்கும்மா?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு.”

“அப்ப மூணரைக்கே நானே பஸ் ஏத்தி விட்டுடறேன். நாலரைக்கெல்லாம் வந்து பூ கட்டுவா.”

“…சரி, அனுப்பறேன்.”

முப்பது வீட்டுக்கு இருபது வாரம் இந்தப் பேச்சை, எந்த வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் பாட்டியிடம் என்று தெரிந்து நடத்த வேண்டும். முனைவர் பட்ட வேலைக்கு நடுவே தன்னார்வலர் இதை நான்கு வாரம் செய்வார். ஐந்தாவது வாரம் அவருக்கு சோதனை ஓடிக்கொண்டிருக்கும். அன்று பதினெட்டுப் பேர் வருவார்கள், அடுத்த மாதம் பதினொன்று. தன்னார்வலரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சம்பள வேலை, அவ்வளவுதான்.

சுருக்கிய கணக்கு இப்படி வரும். வாரம் மூன்று நாள் வேலை பார்க்கும் ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 25,000, வருடம் 3 லட்சம். மதிய உணவு 35 பேருக்கு, ஆளுக்கு 80 ரூபாய், 20 நாள்: 56,000. பயணம் 40,000. பொருட்கள் 40,000. காலாண்டுக்கு ஒரு ஒருநாள் தலைமைப் பட்டறை, தலா 15,000 வீதம் 60,000. தணிக்கை, காப்பீடு, போன் 44,000. ஆக 5.4 லட்சம். பழைய கணக்கில் ஒருவர் சம்பளமாக இருந்த தொகைதான். சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். காலையில் வெறும் டீயோடு கிளம்பிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பயணச் செலவு 1.8 லட்சத்திலிருந்து 40,000 ஆனது வேன் வாடகை போனதால். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டம் இருக்கிறது. மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை. கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஏசி வண்டிகளுக்கும் விமான நிலைய வண்டிகளுக்கும் இது செல்லாது. ஓசூரிலிருந்து வரும் மாணவியின் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருக்கும், அவருக்குக் கிடைக்காது. தங்கவயல் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் வருவார்கள். அதற்கும் ரயில் கட்டணம் வேண்டும். ஆகவே பயணப் பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்காமல் ஓசூர், தங்கவயல், பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பை நாலரைக்கு மேல் நீட்டாதீர்கள். இருட்டிய பின் வீடு சேர்ந்த பெண்ணை இரண்டாவது தடவை அனுப்ப மாட்டார்கள்.

பொருட்களுக்கு 40,000 போதுமா என்று கேட்பவர்கள் பழைய டிவிடி ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். அதன் தடங்களுக்கு நடுவே 0.74 மைக்ரான் இடைவெளி. ஒளியை நிறங்களாகப் பிரிக்க அப்படியே நல்ல விளிம்புவிளைவுக் கீற்றணி. இதை வைத்து ஒரு நிறமாலைமானி செய்யலாம். தட்டின் இரண்டு அடுக்குகளைப் பிளேடால் பிரித்து, தெளிவான அடுக்கில் இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, காலி அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் ஒட்டுங்கள். எதிர்முனையில் இரண்டு பிளேடு விளிம்புகளால் மயிரிழைப் பிளவு. பழைய சிஎஃப்எல் விளக்கை நோக்கிப் பிடித்தால் பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக்கோடு பளிச்சென்று தெரியும். எல்இடி விளக்கில் கோடு இருக்காது, வண்ணம் தொடர்ச்சியாக ஓடும். பெரும்பாலும் தவறுவது இரண்டு இடத்தில்: பிளவு அகலமாகிவிட்டால் கோடு பட்டையாகக் குழம்பும், தடத்துக்கு இணையாகப் பிளவு நிற்காவிட்டால் கோடுகள் பிரிந்து தெரியாது. 1928இல் கல்கத்தா ஆய்வகம் ஒன்றில் சி.வி. ராமன் பார்த்ததும் நிறமாலைக் கோடுகளைத்தான் என்று தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 அன்று சொல்லிக்கொடுக்கலாம்.

பணம் எங்கிருந்து

5.4 லட்சம் என்றால் மாதம் 45,000. இதில் மூன்றில் இரண்டு பங்கையாவது தனிமனிதர்களின் சிறு தொகைகளிலிருந்து திரட்டுங்கள். மாதம் 500 ரூபாய் தருபவர்கள் 60 பேர் என்றால் வருடம் 3.6 லட்சம். பழைய மாணவர்கள், வழிகாட்டிகள், தமிழ்ச் சங்கத்து ஆட்கள், ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி நண்பர்கள் என்று பட்டியல் போட்டால் 60 பெரிய எண்ணிக்கையல்ல. யுபிஐ ஆட்டோபே வைத்தால் மாதாமாதம் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பிடிக்கும் தேதியை மாதத்தின் 5 அல்லது 6 ஆக வையுங்கள். 28ஆம் தேதி வைத்தால் கணக்கில் பணமில்லாமல் திரும்பும். அப்படியும் பத்துக்கு ஒன்று தவறும் என்று வைத்து, 60 பேர் தேவையென்றால் 67 பேரைச் சேருங்கள்.

வரிச்சலுகை ரசீது கேட்பவர்களிடம் பணம் வாங்கும் அன்றே பான் எண் வாங்கிவிடுங்கள். நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்கு மே 31க்குள் ஏற்ற வேண்டியிருக்கும். மே மாத வெயிலில் அறுபது பேரைத் துரத்திப் பான் கேட்பது தண்டனை. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குச் சலுகை கிடையாது. டிரஸ்டின் வரிவிலக்குக்கு 12ஏபி, நன்கொடையாளரின் சலுகைக்கு 80ஜி என்று பழகிய பிரிவு எண்கள் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் மாறுகின்றன. ரசீதில் எந்த எண் அச்சடிப்பது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மீதிக்கு சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம். பெங்களூரில் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் கம்பெனிகள் இருப்பதால் எல்லோரும் முதலில் இங்கேதான் போகிறார்கள், தப்பான காகிதத்தோடு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, வரம்புக்குள் வரும் கம்பெனி முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். வாங்கும் டிரஸ்டோ சங்கமோ சிஎஸ்ஆர்-1 படிவம் பதிந்திருக்க வேண்டும். வரிப் பதிவுகள் இரண்டும், இதே மாதிரிப் பணியில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். இவை இல்லாத புதுக்குழு, இருக்கிற ஓர் அமைப்பின் கீழ் அதன் திட்டமாகவே நடப்பதுதான் வழி.

எதற்குக் கேட்கக்கூடாது என்பது இன்னும் முக்கியம். விருது விழா, மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் செலவாகாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014லேயே சொல்லிவிட்டது. லோகோ போட்டு விளம்பரம் தேடும் ஸ்பான்சர்ஷிப்பும் ஆகாது. ‘இளம் பெண் விஞ்ஞானி விருது’க்குப் பணம் கேட்டுப் போனால் அது மார்க்கெட்டிங் பிரிவின் வேலை, சிஎஸ்ஆர் மேலாளர் சிரித்துக்கொண்டே டீ கொடுத்து அனுப்புவார். மூலதன நிதிக்கும் 2021 ஜனவரிக்குப் பிறகு இந்தப் பணம் செல்லாது. நிரந்தர வைப்பு வேண்டுமானால் பழைய மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: 50 லட்சம் வைப்பு 6.5 சதவீதத்தில் வருடம் 3.25 லட்சம்தான் தரும்.

‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம், ஆகவே சம்பளம் கிடையாது’ என்று சொல்வார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவின் உச்சவரம்பு. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது என்று விதியின் வரையறையே சொல்கிறது. ஆகவே பட்ஜெட்டில் ‘நிர்வாகம்’ என்று ஒரு வரி போட்டுச் சம்பளத்தை அதில் ஒளிக்காதீர்கள். ‘மாணவர் தொடர்பும் வகுப்பு நடத்துதலும்: 30 மாணவர், 20 வகுப்பு’ என்று செய்யும் வேலையின் பெயரிலேயே எழுதுங்கள்.

கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 7இல் உங்கள் பணி எந்த வகை என்று கேட்பார்கள். கல்வி இரண்டாவது வகையில் இருக்கிறது. பாலினச் சமத்துவமும், சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் மூன்றாவது வகையிலேயே வார்த்தையாக இருக்கின்றன. வெளிநாட்டில் சூடு கண்டவர்கள் இங்கேயும் பயந்து ‘பன்முகத்தன்மை’யை அழித்துவிட்டு ‘திறன் மேம்பாடு’ என்று எழுதுகிறார்கள். தேவையில்லை. பெயரை மாற்றினால் இரண்டாம் வருடம் ஆள் சேர்க்கும் முறையும் மாறிவிடும்; மதிப்பெண் பார்த்து எடுக்கத் தொடங்கி, கோச்சிங் போன பிள்ளைகள்தான் உள்ளே வருவார்கள்.

இரண்டு பக்கத் திட்டக் குறிப்பைத் தீபாவளிக்குள் தயார் செய்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, செலவாகாமல் கிடக்கும் தொகைக்குக் கம்பெனிகள் அவசரமாக இடம் தேடும். அப்படி வரும் பணம் மார்ச் 31க்குள் தீர வேண்டும் என்ற நெருக்கடியோடு வரும். ‘தொடர் திட்டம்’ என்று வகைப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். அப்போது மீதத் தொகை தனிக் கணக்குக்குப் போய் மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம்.

வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பத் தயார் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். பதிவுள்ள அமைப்பு வாங்கி உங்களுக்குத் தள்ளிவிடுவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. அந்த அமைப்பே நேரடியாகச் செலவிட்டு, தன் கணக்கிலேயே காட்ட வேண்டும்.

டிரஸ்டுகள் வருட வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்கலாம். அந்தப் பதினைந்தை வருடாவருடம் தனி வைப்பில் போட்டு, ஆறு மாதச் செலவான 2.7 லட்சம் சேரும்வரை தொடாதீர்கள்.

தலைமைப் பயிற்சியைச் சிறிதாக்குவது

ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி போனதற்காக அழ வேண்டாம். அதில் உண்மையில் வேலை செய்தது இடைவேளையில் நடந்த பேச்சு. அதை மட்டும் எடுத்து, ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட வட்டமாக மாதம் ஒருமுறை 90 நிமிடம் நடத்துங்கள். முதல் 15 நிமிடம் போன மாதம் சொன்னதைச் செய்தோமா என்று ஒரு சுற்று. அடுத்த 60 நிமிடத்தில் இரண்டு பேருடைய சிக்கல், ஆளுக்கு 30: சொல்ல 10, கேள்வி மட்டும் கேட்க 10, யோசனைக்கு 10. கடைசி 15 நிமிடம் அடுத்த மாதத்துக்கான ஒரு செயலை ஒவ்வொருவரும் எழுதிக்கொள்வது. தலைமை மாதாமாதம் மாறட்டும். ஒரே ஆய்வகத்தைச் சேர்ந்த இருவரை ஒரே வட்டத்தில் போடாதீர்கள்; கைடைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போன் பார்ப்பார்கள்.

வழிகாட்டிகளுக்கு மதிப்பூதியம் நின்றதைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வெளியிட்ட விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்பு நெறிமுறைகள், ஒவ்வொருவரும் வருடத்துக்கு 10 நாளாவது சமூகப் பணிக்குத் தர வேண்டும் என்கின்றன. உங்கள் சனிக்கிழமைகளை அதில் கணக்குக் காட்டும்படி தேதி, மணி, மாணவர் எண்ணிக்கை போட்டு ஒரு சான்றுக் கடிதம் டிசம்பரில் கொடுங்கள். ஷால் போர்த்துவதைவிட அது பேராசிரியர்களுக்கு உபயோகமானது.

குடை போனால்

கல்வி நிறுவனத்தின் பெயரில் நடந்தவரை பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க அதன் உள்புகார்க் குழு இருந்தது. டிரஸ்டாகப் பிரிந்ததும் அந்தக் குடை இல்லை. பத்துப் பேருக்குக் குறைந்த ஊழியர்கள் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுதான் புகார் பெறும். அதன் தொடர்பு விவரத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் விஷயம் என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ‘உள்ளேயே பேசி முடிப்போம்’ என்பதே குற்றம். வழிகாட்டியும் மாணவரும் தனியறையில் இருக்கக்கூடாது, தனிப்பட்ட வாட்ஸ்அப் பேச்சும் கூடாது, பெரியவர்கள் இருவர் இல்லாமல் வெளிப்பயணம் இல்லை. புது வழிகாட்டியிடம் இதை எழுத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே வகுப்புக்குள் விடுங்கள். இடத்தை மட்டுமாவது கல்லூரியிலேயே கேட்டு வாங்க முடிந்தால், ‘வளாகத்தில் நடக்கும்வரை உள்புகார்க் குழு எங்களுக்கும் பொருந்தும்’ என்று ஒரு வரி அனுமதிக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

புது மாணவர் தொகுதி எடுக்கலாமா

செப்டம்பர் 30 அன்று வங்கியிலும் கையெழுத்தான கடிதங்களிலும் சேர்த்து அடுத்த 12 மாதச் செலவில் 70 சதவீதம் இல்லையென்றால் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். வாய்வார்த்தை கணக்கில் வராது. இருக்கிற தொகுதியை மட்டும் முடித்து அனுப்புங்கள். பியூசி இரண்டாம் வருடத்தில் (அதாவது பன்னிரண்டாம் வகுப்பில்) பாதியில் விடப்பட்ட பிள்ளைக்கு அடுத்த வருடத்தில் நீங்கள் திரும்பி வந்தாலும் பயனில்லை. பெற்றோரிடம் நேரில், தமிழிலோ கன்னடத்திலோ, எந்த மாதம்வரை நடக்கும் என்று தேதியோடு சொல்லுங்கள். நிறுத்துவதென்றே முடிவானால் ஒவ்வொரு மாணவருக்கும் வருகைச் சான்றும் பரிந்துரைக் கடிதமும் தேதியிட்டுக் கொடுத்துவிட்டு, ஒருங்கிணைப்பாளரின் அந்தப் போன் எண்ணை இன்னும் ஒரு வருடம் ரீசார்ஜ் செய்து, எடுத்துப் பேச ஒருவரையும் நியமித்துவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் அதற்குத்தான் கூப்பிடுவார்கள்.